குப்பை அள்ளும் கான்ட்ராக்ட்: போட்டி எங்கே நடக்குது?

2025 ஆகஸ்ட்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கும். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6-வது மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாரிடம் கொடுத்ததுதான் காரணம். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கியவர்கள், கம்பெனிக்குப் போனால் 17,000-க்கும் கீழே இறங்கிடும் என்றார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை, இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. சம்பளம் கேட்டவர்களுக்கு டிபன்!

சென்னைக்கு இது புதுசு இல்லை. 2000-லேயே ஓனிக்ஸ் வந்தாச்சு. பிறகு நீல் மெட்டல் ஃபனால்கா, ராம்கி. 2020-ல் ஏழு மண்டலங்கள் உர்பேசர் சுமீத் கைக்குப் போயின.

தனியார்னா போட்டி வரும், செலவு குறையும்னு சொல்றாங்களே? அந்தப் போட்டி டெண்டர் திறக்கிற அன்னிக்கு மட்டும்தான். சாப்பாடு பிடிக்கலைன்னா வேற ஹோட்டலுக்குப் போகலாம். தெருவுக்கு வர்ற குப்பை வண்டியை அப்படி மாத்த முடியுமா? ஒப்பந்தம் முடியும்வரை பல வருஷத்துக்கு அதே கம்பெனிதான். அதற்குப் பிறகு கம்பெனியைக் கட்டுப்படுத்துவது இரண்டே விஷயம்: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கு, அதை யார் போய்ப் பார்க்கிறார்கள்.

டன் கணக்கில் பணம் கொடுத்தால், மண்ணும் கட்டட இடிபாடும்கூட வருமானம்தான். குப்பையைத் தரம் பிரித்து எடையைக் குறைப்பது நஷ்டம். அதனால்தான் இப்போது தெரு சுத்தமா, தொட்டி காலியா என்று செயல்திறனை வைத்து மார்க் போடும் முறை வந்திருக்கிறது. இது பரவாயில்லை. ஆனால் மார்க் போட மாநகராட்சியிடம் ஆள் வேண்டுமே!

இன்னொரு சிக்கல், பெருக்கி அள்ளும் வேலையில் பெரிய செலவே கூலிதான். குறைந்த தொகைக்கு டெண்டர் எடுத்தவர் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் சம்பளத்தைக் குறைக்கணும், இல்லை ஆளைக் குறைத்து ஒருவருக்குப் பெருக்க வேண்டிய தூரத்தைக் கூட்டணும். மாநகராட்சிக் கணக்கில் சேமிப்பாகத் தெரிவது, ஒரு குடும்பத்தில் மாதம் 6,000 ரூபாய் துண்டு.

சட்டம் என்ன சொல்லுது? 2020-ன் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஒரு நிறுவனத்தின் மையமான வேலையில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது. துப்புரவு அதில் விதிவிலக்கு. ஆனால் அந்த விதிவிலக்குக்கும் ஒரு நிபந்தனை: அந்த நிறுவனமே துப்புரவுக்காக அமைக்கப்பட்டதாக இருக்கக் கூடாது. ஐ.டி. கம்பெனிக்கு இது பொருந்தும். மாநகராட்சிக்கு? நகராட்சி அமைப்புகளின் பொறுப்புகளைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் 12-வது அட்டவணையில் துப்புரவும் திடக்கழிவு மேலாண்மையும் நேரடியாகவே இருக்கு.

கொடுத்தே ஆகணும் என்றாலும், கூலியைப் போட்டியிலிருந்து வெளியே எடுக்க முடியும். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவற்றை டெண்டரில் மாறாத தொகையாக வைத்துவிட்டு, வண்டி, டீசல், நிர்வாகச் செலவில் மட்டும் கம்பெனிகளை மோத விடலாம். மாதாமாதம் பி.எஃப். கட்டிய ரசீதைக் காட்டினால்தான் அடுத்த பில் பாஸ் என்றும் எழுதலாம். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, டெண்டர் ஆவணத்தில் நாலு வரி போதும்.