வானில் பறக்கும் வாடகை வண்டிக்கு வரிப்பணம் பிணையா?

யேர்மனியின் பயேர்ன் மாநிலத்தில், மியூனிக் நகருக்கு அண்மையில் இயங்கிய லிலியம் நிறுவனம் 2024 இறுதியில் முடங்கியது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நால்வர் 2015 இல் தொடங்கிய இந்நிறுவனம், மின்கலத்தால் இயங்கி நிலைக்குத்தாக எழும் சிறு வானூர்தியை உருவாக்க முனைந்தது. நூறு மில்லியன் யூரோக் கடனுக்கு அரசுப் பிணை கோரப்பட்டபோது பாதியை ஏற்க மாநில அரசு இசைந்தது. நடுவண் நாடாளுமன்றத்தின் வரவுசெலவுத்திட்டக் குழுவில் மறுபாதிக்கு இசைவு கிட்டவில்லை. ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலையிழந்தனர். அதே ஆண்டு திசெம்பரில், புறூக்சால் நகரின் வொலோகொப்டரும் நொடிப்பு அறிவித்தது. 2024 பாரிசு ஒலிம்பிக்கின்போது பயணிகளை ஏற்றிப் பறப்பதாகக் கூறிய நிறுவனம் இது. உரிய சான்றிதழ் கிட்டாமையால் அது நிறைவேறவில்லை.

பேர்லின் கைவிட்டதே காரணம் என்கின்றனர் பயேர்ன் ஆட்சியாளர். இது சிக்கலின் மேற்பரப்பை மட்டுமே தொடுகிறது. ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறத்தாழ 12 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. அதே எடையுள்ள இன்றைய மின்கலத் தொகுதியில் 0.3 இருப்பதே அரிது. மின்னோடியின் திறன் மிகுதி என்பது மெய்யே. ஆயினும் அவ்விடைவெளியை அது நிரப்பாது. செங்குத்தாக எழுவதும் அந்தரத்தில் நிற்பதும் ஆற்றலை விழுங்குவன; அவசரத்திற்கெனக் கையிருப்பும் வேண்டும். எஞ்சுவது குறுந்தூரமும் சில இருக்கைகளுமே. விமான நிலையத்திலிருந்து நகருக்கு விரையும் செல்வருக்காக, புறநகர்த் தொடருந்துக்குக் காத்துநிற்கும் தொழிலாளியின் வரிப்பணம் ஏன் பிணையாக வேண்டும்?

பொருள் சுமக்கும் ஆளில்லா வானூர்தியின் கணக்கு வேறு. கெசன் மாநிலத்தின் விங்கொப்டர் நிறுவனம் மலாவி நாட்டில் தொலைதூரச் சுகாதார நிலையங்களுக்கு மருந்து கொண்டு சென்றது. 2023 இல் ஓடன்வால்ட் பகுதியின் சிற்றூர்களுக்கு மளிகைப் பொருள் அனுப்பிப் பார்த்தது. சுமை சிறிது, தேவையோ மெய்யானது.

தமிழ்நாடு அரசு 2022 இல் ஆளில்லா வானூர்திகளுக்கெனத் தனிக் கழகம் நிறுவியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆய்வு அதற்குப் பின்புலம். சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த ஈபிளேன் நிறுவனமோ பறக்கும் வாடகை வண்டியை நாடுகிறது. முன்னதற்கு அரசு தாராளமாக உதவட்டும். பின்னதற்கு உதவுவதாயின், சான்றிதழின் ஒவ்வொரு படியும் கடந்த பின்னரே பணம் விடுவிக்கப்படல் வேண்டும். யேர்மனிய வான்தொழிற்றுறையில் பணியாற்றும் தமிழ்ப் பொறியாளர்களின் பட்டறிவைக் கேட்டுப் பெறுவதற்கு அதிகச் செலவும் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. வன்னி மக்கள் ‘வண்டு’ எனப் பெயரிட்ட வேவு வானூர்தியின் இரைச்சலைக் கேட்டு வாழ்ந்தோர் இன்று யேர்மனியிலும் உள்ளனர். யாருடைய கூரைக்கு மேல் எது பறக்கலாம், அதன் ஒளிப்பதிவு யாரிடம் சேரும் என்பதை எந்த மாநிலத் திட்டமும் முதற்பக்கத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும்.