10-ம் வகுப்பில் 'டல்', பிளஸ்-2-வில் 'டாப்': டாக்டர் சீட்டுக்கு எந்த மார்க்கை பார்க்கிறார்கள்?

கண்டரமாணிக்கம்:

'பையன் பத்தாவதுல சுமாருதான். இப்ப நல்லா படிக்கிறான். டாக்டர் சீட் கிடைக்குமா?' சிவகங்கை மாவட்டம் கண்டரமாணிக்கம், காரைக்குடி வட்டாரத்தில் பிள்ளையை டாக்டராக்கணும் என்று ஆசைப்படும் பெற்றோர் பலருக்கும் இந்த சந்தேகம் உண்டு.

அமெரிக்காவில் 4 வருஷ பட்டப்படிப்பு முடித்த பிறகே மருத்துவ கல்லூரிக்கு விண்ணப்பிப்பது வழக்கம். அங்கு ஒவ்வொரு வருஷ மார்க்கும் தனித்தனியே பார்க்கப்படும். முதல் வருஷம் சறுக்கி, பிறகு ஏறுமுகமாக வந்தால் அதுவும் கணக்கில் வரும். நுழைவுத்தேர்வு, நேர்காணலும் உண்டு.

நம்ம ஊரில் அப்படி இல்லை. இங்கு ஏறுமுகம், இறங்குமுகம் எதற்கும் மார்க் கிடையாது.

கட்-ஆப் காலம்

தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வு ரத்தாகி, 2007 முதல் 2016 வரை பிளஸ்-2 மார்க்கை வைத்தே எம்.பி.பி.எஸ். சேர்க்கை நடந்தது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என கட்-ஆப் மொத்தம் 200. பத்தாவதில் கோட்டை விட்டவரும் பிளஸ்-2-வில் பிடித்துக்கொள்ளலாம்.

2017-ல் 'நீட்' வந்ததும் எல்லாம் தலைகீழானது. அந்த ஆண்டு பிளஸ்-2-வில் 1200-க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவுக்கு நீட் தேர்வில் 720-க்கு 86 மார்க்தான் கிடைத்தது. டாக்டர் சீட் கைக்கு எட்டவில்லை.

இப்போது பிளஸ்-2 மார்க் வாசல்படி மட்டுமே. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து பொதுப்பிரிவினர் 50 சதவீதமும், இடஒதுக்கீட்டு பிரிவினர் 40 சதவீதமும் எடுத்தால் போதும். அதற்குமேல் எவ்வளவு எடுத்தாலும் ரேங்க் மாறாது. நீட் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் போன வருஷ மார்க் இந்த வருஷம் செல்லாது.

நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரிலும், 2022 பிப்ரவரியிலும் சட்டசபையில் நிறைவேறியது. அதற்கு ஜனாதிபதி ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது.

ஆறாம் வகுப்பிலேயே முடிவு

மார்க்கை விட முக்கியமான இன்னொரு விஷயம் இருக்கிறது. 2020-ல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில், 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு தனி ரேங்க் பட்டியல் உண்டு. பொதுப்போட்டியில் சீட் கிடைக்காத நீட் மார்க்குக்கும் இதில் சீட் கிடைக்க வாய்ப்புண்டு.

இங்கேதான் செட்டிநாட்டு பெற்றோர் உஷாராக இருக்கணும். இந்த பகுதியில் நகரத்தார் தொடங்கிய பழைய பள்ளிகள் பல, அரசு உதவி பெறும் பள்ளிகள். இவற்றில் படித்தவர்களுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. நடுவில் ஒரு வருஷம் மாறினாலும் சலுகை போச்சு. கட்டாய கல்வி சட்டத்தில் தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

பக்கத்து பக்கத்து வீட்டு பிள்ளைகள் இருவர், ஒரே கூலி வேலை குடும்பம், ஒரே நீட் மார்க். அரசு பள்ளியில் படித்தவருக்கு சீட்டும் கிடைத்து, கட்டணத்தையும் அரசே கட்டலாம். உதவி பெறும் பள்ளியில் படித்தவர் வெளியே நிற்கலாம். இரண்டு பள்ளியிலும் ஒரே பாடப்புத்தகம்தான்.

பத்தாவது மார்க்கை நினைத்து பிள்ளையை திட்டி பயனில்லை. ஆறாவதில் எந்த பள்ளியில் சேர்க்கிறோம் என்பதை யோசித்து முடிவு செய்வதே நல்லது.