கைகாட்டியும் காவற் கருவியும்

இரவு பத்து மணிக்கு மேல் ஊரிலிருந்து தொலைபேசி ஒலித்தால் நம்மவர் இல்லங்களில் எல்லோர் முகமும் ஒரு கணம் மாறிவிடும். தாயோ தந்தையோ அங்கே தனித்திருக்கும் குடும்பங்களில் இவ்வச்சம் ஒரு நாளும் நீங்குவதில்லை. கரக்பூரில் வண்டி ஏறினால் கோரமண்டல் விரைவு வண்டியிலே சென்னை சேர்வதற்கே ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகின்றது. அதற்கு அப்பால் ஊர் போய்ச் சேரவேண்டும். இவ்வச்சத்தை நன்கறிந்த வணிகர்கள், வீட்டில் பொருத்தினால் முதியோர் உடல்நலத்தை இங்கிருந்தே கைப்பேசியிற் காணலாம் என்று பலவகைக் கருவிகளை விற்கின்றனர். இவற்றை வாங்கலாமா என்று அன்பர் பலர் நம்மிடம் வினவியதால் இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

கருவிகள் பலதிறத்தன. அறையில் ஆள் நடமாட்டத்தை உணர்வது ஒன்று; கதவு திறப்பதை அறிவது ஒன்று; கையிற் கட்டும் கடிகாரம் ஒன்று. 2018-ஆம் ஆண்டு வெளிவந்த ஆப்பிள் கடிகாரம், அணிந்தவர் பலமாக விழுந்து ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவற்றுக் கிடப்பாராயின் தானே உதவிக்கு அழைக்கும் வகையில் அமைந்தது. மிக நன்று. ஆனால் அதற்கு நாள்தோறும் மின்னூட்ட வேண்டும். நம் வீட்டுப் பெரியோர் குளிக்கப் போகுமுன் செய்யும் முதல் வேலை கையில் இருப்பதைக் கழற்றி மாடத்தில் வைப்பதுதான். அவர்கள் வழுக்கி விழுவதோ பலவேளை குளியலறையில்.

நம் சங்கத்து அன்பர் ஒருவர் மயிலாடுதுறைப் பக்கத்துச் சிற்றூரில் தனியே வாழும் தம் தாயாருக்காக நடமாட்டம் அறியும் கருவியைப் பொருத்திவைத்தார். சென்ற ஐப்பசி மழையில் அவ்வூரில் இணையம் அறுந்தது. அன்பரின் கைப்பேசியோ, கடைசியாக வந்த செய்தியை வைத்துக்கொண்டு, 'யாவும் ஒழுங்காக உள்ளன' என்றே காட்டிக்கொண்டிருந்தது. அன்று விடியற்காலை அம்மையார் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. எழவும் இயலவில்லை, கூவியும் எவர் செவியிலும் விழவில்லை. உறைமோர் வாங்க வந்த அடுத்த வீட்டு அம்மாள்தான், முற்பகல் பதினொரு மணிக்கு, அவரைக் கண்டார்.

இருப்புப்பாதைப் பணியில் இருப்போர்க்கு இதன் குறை எங்கே என்பது உடனே விளங்கும். பழைய கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். கம்பியை இழுத்தால் கை தாழும், வண்டி போகலாம். கம்பி அறுந்துவிட்டாலோ, எடையின் இழுப்பால் கை தானே எழுந்து கிடையாக நின்று 'நில்' என்று காட்டும். தண்டவாளத்தில் மின்னோட்டம் செலுத்தி வண்டி இருப்பதை அறியும் முறையும் இவ்வாறே. வண்டிச் சக்கரங்கள் மின்னோட்டத்தைக் குறுக்கே திருப்பிவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். மின்கலம் தீர்ந்தாலும் கம்பி அறுந்தாலும் அதே சிவப்புத்தான். பழுது நேர்ந்தால் அபாயம் என்று காட்டவேண்டுமேயன்றி, 'வழி தெளிவு' என்று ஒருபோதும் காட்டலாகாது என்பதே அதன் அடிப்படை. நூற்றாண்டுக்கு மேலாக நாம் கடைப்பிடிக்கும் இந்நெறியை, பெற்ற தாயின் உயிரைக் காக்க வாங்கும் பெட்டியில் ஏன் எதிர்பார்க்கக் கூடாது?

இந்நெறியோடு ஒத்த கருவி ஒன்று ஜப்பானில் உண்டாயிற்று. 1996-இல் தோக்கியோ நகரில் நோயுற்ற மகனும் முதிய தாயும் பட்டினியால் இறந்துகிடந்து, நாட்கள் பல கழிந்தபின்னரே அயலார் அறிந்தனர். அந்நாட்டையே உலுக்கிய அந்நிகழ்ச்சியின் விளைவாக எழுந்த எண்ணத்தைக் கொண்டு, சோஜிருஷி என்னும் நிறுவனம் 2001-இல் ஒரு வெந்நீர்ப் பானையை வெளியிட்டது. தேநீருக்காகப் பெரியவர் வெந்நீர் எடுக்குந்தோறும் பானை அதைக் குறித்துக்கொள்ளும். நாளுக்கு இருமுறை பிள்ளைக்குச் செய்தி போகும். காமிரா இல்லை, உடம்பில் அணிவதும் இல்லை. வழக்கமான வேளையில் வெந்நீர் எடுத்த குறிப்பு வாராதிருந்தால் அதுவே எச்சரிக்கை. பெரியவர் நோயுற்றாலும் சரி, பானையே பழுதானாலும் சரி, பிள்ளை விசாரிக்கத்தான் செய்வான். இதைத்தான் நாம் மேலே சொன்னோம்.

நம் தாய்மார் வெந்நீர் வைப்பது அடுப்பில். ஆதலின் பானை நமக்குப் பொருந்தாது. காலையிற் பாலெடுக்கத் திறக்கும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தத் துண்டும் சிறு விசையும் கொண்ட கருவியைப் பொருத்தலாம். ஆயினும் கடைக்காரரிடம், 'கதவு திறந்தால் சொல்லுமா?' என்று கேட்பது போதாது. 'ஏழு மணிக்குள் திறக்காவிட்டால் சொல்லுமா? இணையம் அறுந்தால் அதையும் சொல்லுமா?' என்று கேளுங்கள். விடை கூற அவர் தடுமாறினால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். காசின்றி ஆகும் வழியும் உண்டு. நாள்தோறும் காலை ஏழு மணிக்குத் தாயார் ஒரு 'மிஸ்டு கால்' கொடுக்கட்டும். ஏழே காலுக்குள் வாராவிட்டால் நாம் அழைப்போம். அவர் எடுக்காவிட்டால் அடுத்த வீட்டை அழைப்போம். மின்சார இரயில் எஞ்சினில் ஓட்டுநர் நிமிடத்துக்கு ஒருமுறையேனும் ஏதாவதொரு விசையைத் தொடாவிட்டால் முதலில் எச்சரிக்கை எழுந்து, பின் வண்டி தானே நிற்கும் ஏற்பாடும் இவ்வகையினதே.

எந்தக் கருவியும் கதவைத் தட்டாது. தட்டுவதற்கு ஆள் வேண்டும். அடுத்த வீட்டாரிடம் ஒரு சாவி இருக்கின்றதா? இங்கிருந்து 108-ஐ அழைத்தால் அது தஞ்சைக்கோ நெல்லைக்கோ போய்ச் சேராது. நாம் இருக்கும் மாநிலத்து நிலையத்துக்கே போகும். 112-ம் அவ்வாறே. ஆகையால் ஊரிலுள்ள மருத்துவமனையின் முழு எண்ணும், அயலார் இருவரின் எண்களும் சுவரில் எழுதியிருக்க வேண்டும். 14567 என்பது முதியோருக்கென நாடு முழுவதும் உள்ள உதவி எண். அது யோசனைக்கும் துணைக்கும் உரியது, ஆம்புலன்சுக்கு அன்று.

விரல்நுனியில் மாட்டி உயிர்வளியை அளக்கும் கருவி 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அதனைப் பற்றி ஒரு சொல். 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, உயிர்வளி குறைந்திருந்தும் கருவி நல்ல அளவே காட்டிய பிழை வெள்ளையரினும் கறுப்பின நோயாளிகளிடத்து ஏறத்தாழ மும்மடங்கு நேர்ந்தது எனக் கண்டது. ஒளியைத் தோலின் ஊடே செலுத்தி அளக்கும் கருவி அது. நம்மவர் நிறத்தை நாம் அறிவோம். எண் நன்றாயிருந்தும் மூச்சு வாங்கினால் மருத்துவரை நாடுவதே முறை.

காமிராவைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். தந்தையார் வேட்டி மாற்றுவதையும் தாயார் அயர்ந்து தூங்குவதையும் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் சேமித்து வைப்பதற்கு அவர்கள் இசைந்தார்களா என்று முதலிற் கேட்கவேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வயது முதிர்ந்தவருக்கு அது இல்லாமற் போகுமா? அன்றியும், நிறுவனங்களை நம்பி நெடுங்காலம் இருப்பதற்கில்லை. அமெரிக்காவில் முதியோரைக் கவனிக்க 2021-இல் அமேசான் தொடங்கிய 'அலெக்ஸா டுகெதர்' என்னும் சேவை 2024-இல் நிறுத்தப்பட்டது.

மேற்சொன்ன அன்பரின் தாயார் அறுவை முடிந்து வீடு திரும்பி, கோலூன்றி நடக்கின்றார். காமிரா வேண்டவே வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 'நான் என்ன காட்சிப் பொருளா?' என்று கேட்டாராம். குளிர்சாதனப் பெட்டிக் கதவுக்கு இசைந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை விதித்தார். 'நான் எழுந்ததை நீ அறிவதுபோல், நீ இராப்பணி முடிந்து வீடு சேர்ந்ததை நானும் அறியவேண்டாமா?' என்றார். இப்பொழுது இராப்பணி வாரங்களில் ஏழே காலுக்குக் கரக்பூரிலிருந்தும் ஒரு 'மிஸ்டு கால்' போகின்றது.