கோடைப் பயணக் கட்டுரைகளும் கட்டிக்கிடக்கும் படகுகளும்

ஆண்டுதோறும் கோடை முடிந்த ஓரிரு மாதங்களில் நம் இதழ்களில் ஒரு பயணக் கட்டுரை தவறாமல் வந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் காரில் கடற்கரைக்குப் போகிறார்கள். எழுதுபவர் திருச்சிக்காரர் என்றால், துவாக்குடி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் நகரம் விலகிவிட்டதாகப் பெருமூச்சு விடுவார். சற்று முன் கடந்த சிட்கோ பட்டறைகள் அவர் கண்ணில் பட்டிருக்காது. தஞ்சாவூரில் காபி, நாகப்பட்டினத்தில் மீன் வறுவல், தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டை, அதன் முன் மனைவியின் புகைப்படம், அந்திக் கடல், மௌனம்.

இவற்றில் சில நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவை பொய் சொல்கின்றன.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கரையில் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகள் ஏறக்குறைய எல்லாக் கட்டுரைகளிலும் 'ஓய்வெடுக்கின்றன'. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் செல்லக் கூடாது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்படும் தடை அது. 2017-க்கு முன் 45 நாட்களாக இருந்தது. நம் குழந்தைகளின் கோடை விடுமுறையும் இந்தத் தடைக்காலமும் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஆக, நம் தம்பதியர் லயித்துப்போன துறைமுக அமைதி, வருமானம் நின்றுபோன வீடுகளின் அமைதி. தட்டில் இருந்த மீன் எங்கிருந்து வந்தது? நாட்டுப்படகிலிருந்தா, மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியிலா? அதையாவது கேட்டிருந்தால் ஒரு நல்ல பத்தி கிடைத்திருக்கும்.

தெற்கே வேதாரண்யத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே கோடைதான் உப்பு விளையும் பருவம். விடியுமுன் பாத்தியில் இறங்குகிறவர்கள் கார் வரும் நேரத்துக்குள் வெயிலுக்கு அஞ்சிக் கரையேறிவிடுகிறார்கள். கட்டுரையில் எஞ்சுவது 'பனிமலை'. திருச்சியிலிருந்து கடலுக்குப் போவதற்கு இதே கோடையில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் புறப்பட்ட ஏறத்தாழ நூறு தொண்டர்கள் 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். நம் கட்டுரையாளர் இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் பெரிது.

கடலை உல்லாசமாகக் காணும் இந்தக் கண் இரவல் வாங்கியது. 1750-இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர், கடல்நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் நோய் தீர்க்கும் என்று எழுதினார். சீமான்கள் பிரைட்டனுக்குப் படையெடுத்தார்கள். 1841-இல் லண்டனிலிருந்து ரயில் வந்தபின் மற்றவர்களும். ஆங்கிலேயன் தன் கடலை அப்படி எழுதினால் அது அவன் வரலாறு. நம் நெய்தலோ மீனும் உப்பும் காத்திருப்பும். அதன் உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தவர்கள்தாம்.

நம் இலக்கியத்தின் மகத்தான தம்பதிப் பயணம் எதிர்த்திசையில் நடந்தது: புகார்க் கடற்கரையிலிருந்து அரங்கம், உறையூர் வழியாக மதுரைக்கு. கொஞ்ச தூரம் நடந்ததுமே கண்ணகி மதுரை எங்கே என்று கேட்கிறாள். (முன் இருக்கை மனைவி 'இன்னும் எவ்வளவு தூரம்' என்று கேட்பதை இன்று நகைச்சுவையாக எழுதுகிறார்கள். இளங்கோவைப் படித்தபின் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.) உடன்வரும் கவுந்தியடிகள், வயல் வழியே போனால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும் என்று எச்சரிக்கிறார். நம் கார்களில் அந்த மூன்றாம் குரலுக்கு இடமில்லை.

விடுமுறைக்குப் போனவன் மகிழ்ந்திருக்கக் கூடாதா என்பார்கள். தாராளமாக இருக்கட்டும், படங்களை ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். இலக்கிய இதழில் அச்சேற்றும்போதுதான் கேட்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு அரசாணை வந்தது: கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் அதற்கு அப்பால் போனால் புதுவீடு, அங்கேயே இருந்தால் உதவி கிடையாது. கட்டுரைகளில் வரும் அந்த 'ஆளரவமற்ற மணல்வெளி'யில் எங்கெங்கே வீடுகள் இருந்தன என்று கேட்டால், வலை பின்னிக்கொண்டிருக்கும் எந்தக் கிழவரும் கை நீட்டிக் காட்டுவார்.