கல்லைக் கொட்டினால் கரை நிற்குமா?

ஏரி உழவருக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் நம் சங்கங்களில் இன்னும் பலர் உளர். வயலுக்கு நீர் பாய்ச்சுகின்றவர் அவர். ஆகவே, கரை அரித்தால் கவலைப்பட வேண்டியவரும் அவரே என்பது அன்னாரின் வாதம். இவ்வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியை எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

ஏரியை ஒட்டிய ஊர்கள் பலவற்றில் நெசவாளர் தெரு கரைக்குக் கீழே, தாழ்ந்த நிலத்தில் அமைந்திருக்கிறது. குழித்தறியின் குழியில் ஒரு சாண் நீர் ஊறினால் போதும், நெசவு நின்றுவிடும். நனைந்த பாவில் கஞ்சி கரையும்; இழை அறும்; சேலை முடியும் நாள் தள்ளிப்போகும்; கூலியும் தள்ளிப்போகும். நூலைச் சாயம் தோய்த்து அலச நல்ல நீர் தரும் கிணறுகளும் ஏரியில் நீர் நிற்கும்வரைதான் குறைவின்றி ஊறுகின்றன. ஆகவே, கரை உடைந்தால் உழவர் ஒரு போகத்தை இழப்பார். நெசவாளரோ தறியையே இழக்க நேரும். 2015 ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிகள் பல உடைந்ததை நாம் மறந்துவிடுவதற்கில்லை. வெள்ளம் உட்புகும்போது இது நெற்களஞ்சியம், இது தறிக்கூடம் என்று பார்த்துப் புகுவதில்லை.

கரை ஒரே நாளில் உடைவது அரிது. பெரும்பாலும் அது பல ஆண்டுகள் அரித்து, ஒரு நாள் உடைகிறது. ஏரியின் நீர்ப்பரப்பு எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு அதன்மேல் வீசும் காற்று அலையை வளர்த்துக்கொண்டு வருகிறது. அந்த அலை எதிர்க்கரையில் மோதி, மீளும்போது ஒரு பிடி மண்ணை எடுத்துச் செல்கிறது. இரவும் பகலும் இப்படியே நடந்தால், நீர்மட்டத்தை ஒட்டிக் கரையின் வயிற்றில் ஒரு குடைவு விழுகிறது. மேலே நிற்கும் மண் தன் பாரத்தால் சரிகிறது. இதனைத் தடுப்பதற்காகவே நம் முன்னோர் கரையின் உட்சரிவில் அலைக்கற்களைப் பதித்தனர். இலங்கையின் பழங்குளங்களிலும் இவ்வகைக் கல்வரிசையைக் காணலாம்.

அந்தக் கற்கள் இன்று எங்கே? ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் நாம் இதைக் கேட்பதுண்டு. விடை கரையில் கிடைப்பதில்லை, தெருவில் கிடைக்கிறது. ஒன்று துணி துவைக்கும் கல்லாகியிருக்கிறது. ஒன்று திண்ணைக்குப் படியாகியிருக்கிறது. நான்கைந்து மாட்டுக்கொட்டகையின் அடித்தளத்தில் இருக்கின்றன. எடுத்தவர் ஒவ்வொருவரும் ஒரு கல்லைத்தான் எடுத்தார். ஒரு கல் போனால் கரை போய்விடுமா என்றுதான் ஒவ்வொருவரும் எண்ணினார். ஆனால், பதித்த கல்லில் ஒன்றை உருவினால் அண்டைக் கல் நான்கும் தளர்கின்றன. நெசவாள அன்பர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. தறியில் நீளவாட்டில் ஓடும் நூலுக்கும் பாவு என்று பெயர். கரையில் கல்லை அடுக்குவதற்கும் கல் பாவுதல் என்று பெயர். ஓர் இழை அறுந்ததைக் கவனியாது விட்டால் துணி என்னவாகும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

கல் போனது ஒரு குறை. போன இடத்தில் கல்லை வெறுமனே கொட்டுவது மற்றொரு குறை. ஓர் ஊரில் ஒப்பந்தக்காரர் ஒருவர் கோடையில் லாரி லாரியாகக் கல்லைக் கொண்டுவந்து கரைமேலிருந்து உருட்டிவிட்டுப் போனார். ஊரார் மகிழ்ந்தனர். அடுத்த மழைக்காலம் கழிந்து நீர் வற்றியபோது கல்லெல்லாம் அடியில் கிடந்தது. கரையின் குடைவு முன்னினும் ஆழமாயிருந்தது. இதில் வியப்பு ஒன்றுமில்லை. மண்மேல் நேராகக் கல்லை வைத்தால், அலை கல்லிடுக்கில் புகுந்து மண்ணை உறிஞ்சி வெளியே கொணர்கிறது. அடியிலுள்ள மண் போகப் போகக் கல் அமிழ்கிறது. ஆகவே, கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடி கனத்துக்குச் சரளையோ ஜல்லியோ பரப்ப வேண்டும். அது நீரை விடும், மண்ணை விடாது. ஆட்டிய மாவை வடிகட்டும் துணி செய்யும் வேலையே அது.

கல்லின் எடையைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ளது. அதே கல் நீருக்குள் கிடக்கும்போது, அது விலக்கும் நீரின் அளவுக்கு எடை குறைந்து, 47 கிலோ எடையுள்ள பொருளைப்போல் நடந்துகொள்கிறது. தரையில் நாம் அசைக்க முடியாத கல்லை அலை அசைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே, கையடக்கமான சிறு கற்களை அலைக்கு எதிரே வைப்பதில் பயனில்லை. பெருங்கல்லை, அதன் நீண்ட பக்கம் கரையின் உள்நோக்கிப் புகுமாறு, ஒன்றையொன்று நெருக்கி நிறுத்தி, இடுக்கில் சில்லுக்கற்களை அடித்து இறுக்க வேண்டும். வேலையைச் சரிவின் அடியில் தொடங்கி மேல்நோக்கிச் செல்ல வேண்டும். அடியில் ஓர் அகழி வெட்டி, இருப்பவற்றுள் பெரிய கற்களை அதில் ஊன்றினால்தான் மேல்வரிசை சறுக்காது நிற்கும்.

சிமெண்டு பூசிவிட்டால் என்ன என்று கேட்போர் உளர். ஏரி நீர் விரைவாக இறங்கும்போது கரைக்குள் ஊறிய நீர் வெளியேற வழி வேண்டும். வழியின்றி அடைத்துவிட்டால் அந்நீரே பின்னாலிருந்து தள்ளிப் பூச்சைப் பெயர்த்துவிடும். பூச வேண்டிய இடமாயின் நீர் கசிய முறையாகத் துளைகள் விட வேண்டும்.

இனி, தத்தம் வீட்டைத் தாமே காத்துக்கொள்ள முயல்வோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரையோரத்தில் மனை உடையவர் தம் மனைக்கு எதிரே மட்டும் பெருங்கல் அடுக்குகிறார். அவர் இடம் நிற்கிறது. ஆனால், கல்வரிசை முடியும் இடத்தில் அலை திரும்பி, கல்லற்ற அண்டை மண்ணைக் கூடுதலாக அரிக்கிறது. அண்டை வீட்டார் அதைக் கண்டு தாமும் கல் போடுகிறார். அரிப்பு அடுத்தவருக்குச் செல்கிறது. கல் போட வசதியில்லாத கடைசி மனிதரிடத்தில் வந்து அது தங்குகிறது. அங்கே கரை உடைந்தால், முதலில் கல் போட்டவர் வீட்டுக்கும் பின்பக்கமாக வெள்ளம் வருகிறது. கடலோரத்திலும் இதே பாடம் கிடைக்கிறது. 1980களில் புதுச்சேரியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பிய பின், தென்திசையிலிருந்து வந்த மணல் தடைப்பட்டு நகரின் கடற்கரை அரித்தது. நகரைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே மீனவர் ஊர்களுக்கு நகர்ந்தது. தனித்தனியே கட்டிய காவல் பிறர்க்குப் பகையாக முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? கூட்டுறவு என்னும் சொல்லுக்குக் கரையைக் காட்டிலும் நல்ல விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

அப்படியாயின் இவ்வளவு கல்லை யார் சுமப்பது? கணக்கிட்டுப் பார்ப்போம். 100 அடி நீளத்துக்கு, சரிவில் 15 அடி உயரத்துக்கு, ஓர் அடி கனத்தில் கல் பாவினால் 1,500 கன அடியாகிறது. இடைவெளி போக அதில் அடங்கும் கல் ஏறத்தாழ 75 டன். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் 150 அங்கத்தினர் உள்ள ஊரில் ஒருவர் பங்குக்கு 500 கிலோதான். 50 கிலோ எடையுள்ள கல்லாக எண்ணினால் தலைக்குப் பத்துக் கல். இருவர் சேர்ந்து காவுதடியில் சங்கிலி கட்டித் தூக்கினால், தம் இருவர் பங்கையும் முடிக்க இருபது நடை போதும்.

இருவர் தோளுக்கு மிஞ்சிய கல்லுக்கும் வழி உண்டு. ஐந்தடிக் கடப்பாரையின் நுனியைக் கல்லடியில் செருகி, நுனியிலிருந்து அரையடி தொலைவில் ஒரு தாங்குகல்லை வைத்து மேல்நுனியை அழுத்தினால், கையின் விசை ஒன்பது மடங்காகிறது. அதாவது 30 கிலோ அழுத்தம் 270 கிலோவை எழுப்புகிறது. கல்லின் ஒரு விளிம்பை மட்டும் தூக்குவதால், அரை டன் கல்லையும் ஒருவர் நெம்பிவிடலாம். நெம்பிய இடத்தில் ஆப்புக்கல் இட்டு, பலகை பரப்பி, உருளைக் கட்டைகளின்மேல் ஏற்றினால் நால்வர் இழுக்க நகரும். கையையோ காலையோ கல்லுக்கடியில் விடலாகாது. சரிவில் கல் இறங்கும்போது கீழே எவரும் நிற்கலாகாது. எத்தனை பேர் இழுத்தாலும் குரல் கொடுப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். பொக்லைன் இயந்திரம் உள்ள காலத்தில் இதெல்லாம் எதற்கு எனலாம். இயந்திரம் கல்லைக் கரைவரை கொணரட்டும், வரவேற்போம். ஆனால் ஈரக்கரைமேல் அதன் பாரம் ஏறினால் கரை பிளக்கும். கல்லைப் பொருத்தி இறுக்கும் வேலைக்குக் கையே வேண்டும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்வோம். குடிமராமத்து என்று நாம் பெருமை பேசும் பழைய வழக்கத்தில், கல் சுமந்தவர் ஒருவராகவும் நெல் அளந்தவர் வேறொருவராகவும் இருந்ததுண்டு. ஒரு சென்ட் நஞ்சை இல்லாதவரே முதலில் கரைக்கு அழைக்கப்பட்டார். 1858 ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வழக்கத்துக்கு அரசின் கட்டளையையும் சேர்த்தது. 2017 இல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்தபோது அப்பெயருக்கு மீண்டும் மதிப்பு வந்தது. பெயர் வந்ததோடு பழைய அநீதியும் வந்துவிடலாகாது. கட்டாயத்தால் தூக்கிய கல் சுமை. இசைவால் தூக்கிய கல் பங்கு. பங்கு என்றால் ஆதாயத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும்.

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனை இது. நஞ்சை உடையோர் ஏக்கர் கணக்கில் கல்லின் விலையை ஏற்கட்டும். நெசவாளர் சங்கமும் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவுக்குத் தத்தம் பொதுநல நிதியிலிருந்து ஒரு பகுதியைத் தரட்டும். அங்கத்தினர் தம் பத்துக் கல்லைத் தாமே சுமக்கட்டும். இயலாதவர் அதற்கான கூலியைச் செலுத்தட்டும். ஏரியால் நேர்ப்பயன் பெறாத கூலியாளருக்கு ஒரு நாளும் இலவச உழைப்பு விதிக்கலாகாது. அவர் கைக்கு முழுக் கூலி சேர வேண்டும்.

நாளைக் குறிப்பதிலும் நீதி வேண்டும். ஏரி வற்றும் சித்திரை, வைகாசியில் உழவருக்கு ஓய்வு. முகூர்த்த காலமாதலால் நெசவாளருக்கு அப்போதுதான் வேலை மிகுதி. தறியை நிறுத்தி வா என்பது அவர் கூலியைப் பறிப்பதாகும். அமாவாசையன்று தறி ஓட்டாத வழக்கமுள்ள ஊர்களில் அந்த நாளையே கரை நாளாக்கலாம். அன்று காலை மூன்று மணி நேரம் போதும்.

ஏரி அரசுடையது, நாம் ஏன் தொட வேண்டும் என்ற கேள்வி எஞ்சுகிறது. தமிழ்நாட்டில் 40 எக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. அவர்தம் எழுத்து மூலமான அனுமதியின்றி ஒரு கல்லையும் அசைக்கலாகாது. பொறியாளர் காட்டும் சரிவும் கனமுமே நமக்கு அளவு. அரசின் கடமையை நாம் தள்ளுபடி செய்யவும் வேண்டாம்; மனுவும் நினைவூட்டலும் தொடர்ந்து செல்லட்டும். ஆனால் மனுவுக்கு விடை வரும்வரை அலை காத்திராது. பாசனம் பெறுவோர் சங்கம் உள்ள ஊரில் அதனையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் நடத்த இரு சங்கங்களிலிருந்தும் மும்மூவராக ஆறு பேர் கொண்ட குழு போதும். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையால் தேர்ந்ததைச் சொல்கிறது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும் அவர் உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெற முடியாது என்றும் அதே கல்வெட்டு விதிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் பொறித்த அவ்விதியைக் கூட்டுறவு ஆய்வாளராகிய நாம் மிகவும் போற்றுகிறோம். எத்தனை லாரிக் கல் வந்தது, என்ன விலை, எவர் எத்தனை கல் சுமந்தார், எவர் கூலி செலுத்தினார் என்னும் கணக்கு மாதந்தோறும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கணக்கில் ஐயம் தோன்றினால் அடுத்த அமாவாசைக்கு ஒருவரும் வரமாட்டார்.

கல் பாவி முடித்த பின்னும் வேலை முடிவதில்லை. நீர்மட்டத்துக்கு மேலே வெட்டிவேரும் நாணலும் நட்டால் மண் பிடிபடும். நண்டு வளையையும் எலி வளையையும் மழைக்கு முன் கெட்டித்து அடைக்க வேண்டும். மாடுகள் ஏறி இறங்க ஓரிடத்தை ஒதுக்கி, அங்கே மட்டும் கற்படி அமைக்க வேண்டும். துணி துவைக்கவும் தனியே கல்லிட்டுத் துறை கட்டித் தந்தால், அலைக்கல்லை உருவும் தேவை எவருக்கும் எழாது.

அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏரிக்கரை என்ற ஒரு பொருளைச் சேர்க்குமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன் ஒரு மாலைப்பொழுதில் உழவரும் நெசவாளருமாக இருவர் இருவராகக் கரைமேல் நடந்து, கல் பெயர்ந்த இடங்களை எண்ணிக் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பே தீர்மானத்தின் முதல் வரியாக அமையட்டும்.