முதலில் செய்து காட்டுங்கள்

"எனக்குக் கணிதம் வராது." இந்த வசனத்தை நம் பாடசாலை வளவில் கேட்காத நாள் குறைவு. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது கேட்கிறோம். உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும்போதும் கேட்கிறோம். கலைப்பிரிவை விரும்பி எடுத்த சகோதரிகள் இருக்கிறார்கள், கணிதத்துக்குப் பயந்து அங்கே ஒதுங்கியவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் பதினாறு வயதில் திடீரென்று வந்ததல்ல. அதன் வேரைத் தேடிப் போனால் பெரும்பாலும் தரம் 2, தரம் 3 அப்பியாசக் கொப்பிகளில் போய் நிற்போம். ஆகவே ஆரம்பப் பிரிவில் கணிதத்தைப் படிப்படியாக, வாய்விட்டு விளக்கி, செய்து காட்டிக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து. பிள்ளை தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது.

கலாநிதி பதியுதீன் மஹ்மூத் அவர்கள் கல்வியமைச்சராக இருந்தபோது, 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் மூலம் கணிதம் எல்லா மாணவருக்கும் கட்டாயப் பாடமாகியது. பெண்பிள்ளைகளான எமக்கு அது ஒரு பெரிய வாசலைத் திறந்தது. பின்னர் 1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு ஆரம்பக் கல்வி முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, தரம் 1, 2 வகுப்புகளில் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கு முதலிடம் கிடைத்தது. பிரம்புக்குப் பயந்து வாய்ப்பாடு ஒப்புவித்த காலத்தை நினைத்தால் இது நல்ல மாற்றம்தான். ஆனால் "வழிகாட்டப்பட்ட" என்ற சொல் மறைந்து, விளையாட்டு மட்டும் மிஞ்சிவிடும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் பலர். இது கவனக்குறைவு அல்ல. ஒன்றினிடத்தில் 2இலிருந்து 7 போகாது என்று கண்ட பிள்ளை, 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதிவிடுகிறது. அதாவது பிள்ளையிடம் ஒரு முறை இருக்கிறது, அந்த முறைதான் பிழை. சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு போட்டால் விடை பிழை என்று மட்டுமே அதற்குத் தெரியும், முறை திருந்தாது. ஆசிரியை ஐந்து ஈர்க்குக் கட்டுகளையும் இரண்டு தனி ஈர்க்குகளையும் மேசையில் வைத்து, "ஏழு எடுக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. ஆகவே ஒரு கட்டை அவிழ்க்கிறேன், இப்போது பன்னிரண்டு" என்று சொல்லிக்கொண்டே பலகையிலும் எழுதிக் காட்டினால், 25 எப்படி வருகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் காணும், காதால் கேட்கும்.

எமது மொழியிலும் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடங்கள் உண்டு. இருபது, முப்பது என்று எண்பது வரை "பது" என்றே முடிகிறது. அடுத்து வரும் தொண்ணூறில் நூறின் ஓசை கேட்கிறது. எண்ணூறுக்கு அடுத்த தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. இதைக் கேட்டு ஒரு சின்னப் பிள்ளை தடுமாறினால் ஆச்சரியமில்லை. "பெயரில் நூறு கேட்டாலும் தொண்ணூறு என்பது ஒன்பது பத்துகள்" என்று ஒரு தரம் வெளிப்படையாகச் சொன்னால் போதும்.

வசனக் கணக்கும் அப்படித்தான். "பாத்திமாவிடம் 12 ரம்புட்டான் உண்டு. அது ஆயிஷாவிடம் உள்ளதை விட 5 கூட. ஆயிஷாவிடம் எத்தனை?" என்று கேட்டால், "கூட" என்ற சொல்லைக் கண்டதும் கூட்டி 17 என்று எழுதுவார்கள். யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு என்று முதலில் படம் வரைந்து பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தையும் யாராவது செய்து காட்டினால்தான் வரும்.

ஆய்வாளர்களும் இதையே சொல்கிறார்கள். ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடிய புதிய விடயங்கள் மிகக் குறைவு என்று ஜோன் ஸ்வெல்லர் 1980களில் எடுத்துக்காட்டினார். சிறு படிகளாகக் கற்பித்தல், செய்து காட்டிய உதாரணங்கள், அடிக்கடி கேள்வி கேட்டல், வழிகாட்டலுடன் பயிற்சி ஆகியவற்றை நல்ல கற்பித்தலின் அடையாளங்களாக பராக் ரோசன்ஷைன் 2010இல் தொகுத்தார்.

குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன எமக்கு இது புதிதல்ல. ஹஸ்ரத் முதலில் ஓதிக் காட்டுவார். பிறகு எல்லோரும் சேர்ந்து ஓதுவோம். அதன்பின் ஒவ்வொருவராகத் தனியே ஓதிக் காட்ட வேண்டும். பிழை அந்த இடத்திலேயே திருத்தப்படும், பாடம் சரியாகாமல் அடுத்த பாடம் இல்லை. எழுத்தை இவ்வளவு கவனமாகக் கற்பிக்கும் நாம், எண்ணை மட்டும் ஏன் பிள்ளையின் அதிர்ஷ்டத்துக்கு விட வேண்டும்? ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்ததே "அல்கோரிதம்" என்ற சொல். படிப்படியான ஒழுங்கு என்பதுதான் அதன் பொருள்.

இப்படிக் கற்பித்தால் வகுப்பு மறுபடியும் மனப்பாடத்துக்குத் திரும்பிவிடும் என்று சிலர் சொல்லலாம். விளங்காமல் மனனம் செய்வதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் விளங்கிய பின் வாய்ப்பாடு மனதில் பதிய வேண்டும். சாதாரண தரக் கணிதப் பரீட்சைக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது. 7 × 8க்கே நின்று யோசிக்கும் பிள்ளையால் பின்னக் கணக்கில் கவனம் செலுத்த முடியாது. விளையாட்டும் வேண்டும். கற்ற படியை விளையாட்டில் பயன்படுத்தும்போது அதன் மகிழ்ச்சியும் கூடும்.

இதில் நியாயம் பற்றிய கேள்வியும் இருக்கிறது. கண்டி நகரில் இன்று ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் பிரத்தியேக வகுப்புகள் நடக்கின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் விளங்காதது மாலையில் விளங்கிவிடும். சந்தையில் மூட்டை தூக்கும் வாப்பாவின் மகளுக்கும், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்கும் அந்த மாலை இல்லை. அவர்களுக்கு இருப்பது காலையில் வகுப்பறையில் கிடைக்கும் அந்தப் பாடவேளை மட்டுமே. அங்கே சொல்லாமல் விட்டது அவர்களுக்கு என்றைக்கும் சொல்லப்படாமலே போகலாம்.

செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. பாடத்தின் முதல் ஐந்து நிமிடம் பழைய பாடத்தை மீட்டலாம். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சிறு சிலேட் இருந்தால், எல்லோரும் விடையை ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டுவார்கள். கை உயர்த்தும் நாலு பேரை மட்டுமல்ல, பின்வரிசையில் தடுமாறுபவளையும் ஆசிரியை உடனே கண்டுகொள்வார். தரம் 1 முதல் 5 வரை கற்பிக்கும் ஆசிரியைகள் கூடிப் பேசி, கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் ஒரே சொற்களையும் ஒரே படிகளையும் வைத்துக்கொள்ளலாம். ஒரு வருடம் "கடன் வாங்குதல்", அடுத்த வருடம் வேறொரு பெயர் என்றால் பிள்ளை குழம்பும்.

உயர்தரத்தில் கற்கும் சகோதரிகளே, நமக்கும் இதில் பங்குண்டு. அதிபரினதும் ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளினதும் அனுமதியோடு, வாரத்தில் ஒரு நாள் பாடசாலை விட்டபின் அரை மணி நேரம் தரம் 3 பிள்ளைகளோடு உட்காரலாம். போகும்போது ஒரு கட்டு ஈர்க்கை எடுத்துச் செல்லுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு கணக்கைச் செய்து காட்டுங்கள், அடுத்ததைச் சேர்ந்து செய்யுங்கள், மூன்றாவதை அவளிடமே விட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.