கருனியில் வெட்டுண்ணும் தமிழ்

லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படையாகிய கருனியைத் தம் கணினிக்கேற்பத் தாமே தொகுத்துக்கொள்வோர் மத்தியில் ஒரு வாய்பாடு வழங்குகின்றது: இன்று ஓடுவதை வைத்துக்கொள், மற்றையதை வெட்டிவிடு. சிக்கனத்தின் பெயரால் ஓதப்படும் இவ்வாய்பாடு அரைகுறை அறிவின் விளைவேயாகும்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கருனி இன்று பல்லாயிரம் தெரிவுகளைக் கொண்டது. சாதனங்களை இயக்கும் பகுதிகளுட் பெரும்பாலானவற்றைக் கருனியோடு நிரந்தரமாகப் பிணைக்கலாம்; வேண்டும்போது ஏற்றத்தக்க மொடியூல்களாக வைக்கலாம்; முற்றாக விலக்கவும் செய்யலாம். பழைய கணினியில் அனைத்தையும் தொகுக்கப் பல மணிநேரம் செல்லும். ஆதலால் வெட்டுதல் தவறன்று. (ஏற்றப்படாத மொடியூல் வட்டில் இடம் பிடிக்குமேயன்றி நினைவகத்தை உண்பதில்லை என்பதை வெட்டுவோர் பலர் அறியார்.) எதனை அளவுகோலாகக் கொண்டு வெட்டுவது என்பதே வினா.

2009 டிசெம்பரில் வெளிவந்த 2.6.32 பதிப்பில் 'லோக்கல்மொட்கொன்பிக்' என்னும் வசதி சேர்ந்தது. அக்கணத்தில் ஏறியுள்ள மொடியூல்களை மட்டும் வைத்து எஞ்சியவற்றை அது விலக்கிவிடும். அக்கணத்தில்! அன்று பென் டிரைவ் செருகப்படவில்லையெனின், அதற்கு வேண்டிய எழுத்துத்தொகுதி மொடியூலும் போய்விடலாம். பின்னர் செருகினால் கணினி அதனை ஏற்க மறுக்கும்.

அக்கராயன் குளத்தின் கீழ் வயல் செய்வோர் இதைக் கேட்டால் நகைப்பர். ஆடியில் வான் வறண்டு கிடக்கின்றதே, தூர்த்துவிடலாம் என எந்தக் கமக்காரரும் கூறார். மார்கழி வெள்ளத்தை எண்ணியே அது கட்டப்பட்டது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதும் குளத்து நீரை அளந்து, கூட்டங் கூடித் தீர்மானிக்கப்படுவது. அங்கும் சிக்கனம் உண்டு. ஆனால் அது பயன்படுத்துவோரைக் கேட்டுச் செய்யப்படுகின்றது.

தமிழுக்கு நேரும் இழப்போ இதனினும் நுண்ணியது. பென் டிரைவ்களிற் பெருவழக்காயுள்ள 'பாட்' கோப்பு முறைமைக்குக் கருனி இயல்பாகக் கொள்வது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 8859-1 எழுத்துத்தொகுதியை. யூ.ரி.எப்.-8ஐ இயல்பாக்கும் தெரிவு தனியே உண்டு. அதற்கு முன்கூட்டி இடப்பட்ட விடை 'இல்லை' என்பதே. அதை மாற்றாது தொகுத்த கணினியில், இணைக்கும்போது யூ.ரி.எப்.-8 எனத் தனியே பணிக்காவிடின், தமிழிற் பெயரிட்ட கோப்புகள் வெறும் கேள்விக்குறி வரிசைகளாகத் தோன்றும்.

எழுத்துருவும் விசைப்பலகையும் இருந்தாற் போதும், கருனி பொறியியலாளர் விடயம் எனக் கலைப்பீடத்தார் ஒதுங்குவது இதனாற்றான் பொருந்தாது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இருக்கின்றது. தொகுக்கத் தெரிந்தோர் அங்கு உளர். எவருக்கு எது எப்போது வேண்டும் என்பதை நூலகரும் ஆசிரியரும் தமிழ் மாணவருமே அவர்க்குக் கூறவேண்டும்.

லோக்கல்மொட்கொன்பிக்கைப் பழித்துப் பயனில்லை. வேறு நாளில், வேறு கணினியில் எடுத்த பட்டியலையும் அது ஏற்கும். ஒரு தவணை முழுவதும் ஆய்வுகூடத்தில் ஏறிய மொடியூல்களைப் பதிந்து அப்பட்டியலைக் கொடுக்கலாம். யூ.ரி.எப்.-8 தெரிவுக்கு மட்டும் கையால் 'ஆம்' எனக் குறிக்கவேண்டும். அது மொடியூல் அன்று, ஆதலால் எப்பட்டியலிலும் ஏறாது.